ஜப்பானில் ஒரு செமஸ்டர்: படிப்பு நீங்கலாக

வெளிநாட்டு மாணவர்கள் 3 லட்சம் பேரை 2020-க்குள் வரவழைத்துவிட வேண்டும் என்று ஜப்பான் அரசு 2008-இல் திட்டம் போட்டது. 2019-லேயே அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டார்கள். அடுத்த இலக்கு 2033-க்குள் 4 லட்சம். ஆகவே, பரிமாற்ற மாணவராகப் போகிற நீங்கள் அழையா விருந்தாளி இல்லை. கணக்கில் வைத்து எதிர்பார்க்கப்படுகிற ஆள். இதை நெஞ்சில் நிறுத்திக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்த சில நாளில், ஏதோ ஒரு கவுண்டரில் ஒருவர் இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டபடியே உங்கள் படிவத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது இந்த நினைப்பு ஒன்றுதான் கைகொடுக்கும்.

பல்கலைக்கழகம் அனுப்பும் கையேட்டில் நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும், பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுவது எப்படி என்றெல்லாம் இருக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் செமஸ்டர் நடப்பது வகுப்பறையில் அல்ல. வார்டு அலுவலகத்தில் நடக்கிறது, தபால் நிலையத்தில் நடக்கிறது, முக்கியமாக விடுதிக்குப் பின்னால் இருக்கும் குப்பைக் கூண்டில் நடக்கிறது. அந்தப் பாடத்திட்டத்துக்குத்தான் இந்தக் குறிப்புகள்.

முதலில் முகவரி ஆகுங்கள்

நரிதா, ஹனேதா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கினால் அங்கேயே ஒரு வசிப்பு அட்டை கொடுத்துவிடுவார்கள். ஜைரியூ கார்டு என்று பெயர். அதை எந்நேரமும் கையோடு வைத்திருக்க வேண்டும். இல்லாமல் அகப்பட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. பால் வாங்கக் கீழே இறங்கினாலும் சட்டைப்பையில் கார்டு இருக்கட்டும். பாலை மறந்தால் பரவாயில்லை.

விமான நிலையத்திலேயே பகுதிநேர வேலைக்கான அனுமதிப் படிவத்தையும் நீட்டிவிடுங்கள். ‘நான் படிக்கத்தான் வந்திருக்கிறேன், வேலை பார்க்கப் போவதில்லை’ என்பது விமானத்தில் தோன்றும் எண்ணம். முதல் மாத வாடகை கட்டிய பிறகு தோன்றும் எண்ணம் வேறு. அனுமதி வாரத்துக்கு 28 மணி நேரம்; நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8 மணி நேரம். 29-ஆவது மணி நேரம் உழைப்பில் சேராது, குற்றத்தில் சேரும்.

குடிவந்த 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அங்கே உங்கள் கார்டை வாங்கிப் பின்பக்கத்தில் முகவரியை ஏற்றித் தருவார்கள். உங்கள் மதிப்பெண், நீங்கள் வென்ற கேடயம், கல்லூரி முதல்வரின் பரிந்துரைக் கடிதம் எதுவும் இந்த ஒரு வரிக்கு ஈடில்லை. இது ஏறிய பிறகுதான் அந்த நாட்டின் கணக்கில் நீங்கள் இருக்கிறீர்கள். அன்றைக்கே தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர்த்துவிடுவார்கள். அதன்பின் டாக்டர் பில்லில் 30 சதவீதம்தான் உங்கள் பங்கு. 20 வயது நிரம்பியிருந்தால் ஓய்வூதியத் திட்டமும் உண்டு. டிகிரியே முடிக்கவில்லை, அதற்குள் பென்ஷனா என்று சிரிக்காதீர்கள். எதிரில் இருப்பவர் சிரிக்க மாட்டார். மாதச் சந்தா 17,000 யென்னுக்கு மேல். வருமானம் இல்லை என்று விலக்குக் கேட்கும் படிவமும் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறது. கேட்டால் கொடுப்பார்கள். கேட்காமல் வந்துவிட்டால் தபாலில் கட்டுக் கட்டாகச் செலுத்துச்சீட்டு வரும்.

தேதிக் கட்டத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். பல படிவங்கள் சக்கரவர்த்தி ஆண்டைத்தான் கேட்கும். 2004-இல் பிறந்தவர் ஹெய்செய் 16-இல் பிறந்தவர். 2025 என்பது ரெய்வா 7. ஹெய்செய்க்கு 1988-ஐக் கழியுங்கள், ரெய்வாவுக்கு 2018-ஐ. பிரபவ, விபவ என்று அறுபது ஆண்டுகளுக்குப் பெயர் வைத்திருக்கும் நம்மை இது மிரட்டக்கூடாது. நாம் அதை விண்ணப்பப் படிவத்தில் கேட்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்தது ஜப்பானுக்குப் போன அத்தனை பேரும் சுற்றிய செக்கு. செல்போன் எண் வாங்கப் போனால் மாதக் கட்டணத்துக்கு வங்கிக் கணக்கு கேட்பார்கள். வங்கிக்குப் போனால் தொடர்புக்குச் செல்போன் எண் கேட்பார்கள். தவிர, வந்து 6 மாதம் ஆகாத வெளிநாட்டு மாணவர் பொதுவாக வங்கியின் பார்வையில் நாட்டில் வசிக்காதவர். முகவரி எழுதிய கார்டை நீட்டினாலும்தான். இதை எதிர்த்து வாதாடுவதில் பொருளில்லை. பல பல்கலைக்கழகங்கள் புது மாணவர்களை ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்த் தபால் வங்கியில் கணக்குத் தொடங்கித் தரும். அந்த மந்தையோடு போய்விடுங்கள். தனியாகப் போய்ச் சாதிக்கிறேன் பேர்வழி என்று கிளம்பியவர்கள் மறுவாரம் அதே மந்தையின் கடைசியில் நிற்பதைப் பார்க்கலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் எந்த அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னும் ‘உள்ளே தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா’ என்று விசாரிப்பது மரபு. ஜப்பானில் உள்ளே உங்கள் பெரியப்பாவே உட்கார்ந்திருந்தாலும் அதே படிவம், அதே வரிசை எண். முதலில் எரிச்சலாக இருக்கும். போகப் போக, யாரையும் தெரியாத ஊரில் யாரையும் தெரிந்துவைத்திருக்கத் தேவையில்லை என்பது எவ்வளவு பெரிய சலுகை என்று புரியும். வாடகை வீட்டுக்கு மட்டும் இது பொருந்தாது; அங்கே ஜாமீன்தாரர் கேட்பார்கள், அல்லது அதற்கென்று இருக்கிற கம்பெனிக்குப் பணம் கட்டச் சொல்வார்கள். விடுதி கிடைத்தால் யோசிக்காமல் விடுதி.

அப்பாவின் வருகைப் பதிவு

தமிழர்களுக்கென்றே ஒரு தனிச்சிக்கல். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் இருக்கும். ஜப்பானில் குடும்பப்பெயரோடு ‘சான்’ சேர்த்துக் கூப்பிடுவதுதான் மரியாதை. ஆகவே செமஸ்டர் முழுக்க உங்கள் பேராசிரியர் உங்கள் அப்பாவைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். ‘சுப்பிரமணியன்-சான், வீட்டுப்பாடம் எங்கே?’ என்பார். அலமேலுவோ ஆனந்தியோ எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். கல்லூரிப் படியையே மிதிக்காத அப்பாவுக்கு ஜப்பானியப் பல்கலைக்கழகத்தில் முழு வருகைப் பதிவு கிடைப்பதை ஒரு பிதுர் கடனாக எடுத்துக்கொண்டு போய்விடலாம். இனிஷியலோடு நிறுத்திக்கொண்டு குடும்பப்பெயரைக் காலியாக விட்டவர்கள் நிலைமை இன்னும் விசேஷம். இணையப் படிவம் காலிக் கட்டத்தை ஏற்காது. அதற்கு ஒரு பெயரைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வரும். தீர்வு என்று ஒன்றில்லை. எங்கே என்ன எழுதினோம் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள்.

பெயரைப் பற்றிப் பேசும்போது முத்திரையையும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துக்குப் பதிலாகச் சிவப்பு மையில் குத்தும் சின்ன வட்ட முத்திரைக்கு ஹான்கோ என்று பெயர். கடைகளில் சாதோ, சுசுகி, தனாகா என்று வரிசையாக அடுக்கியிருக்கும். சுப்பிரமணியன் இருக்காது. சொல்லிச் செய்ய வேண்டும், அதுவும் அத்தனை எழுத்தையும் ஒரு விரல்நுனி அகல வட்டத்துக்குள். 2020-இல் அமைச்சர் தாரோ கோனோ அரசு அலுவலகங்களில் ஹான்கோவை ஒழிக்கப் புறப்பட்டு நிறையவே குறைத்தும் விட்டார். கையெழுத்தே போதும் என்று பல இடங்களில் சொல்லிவிடுவார்கள். இருந்தாலும் ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பியபின் வேறு உபயோகம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

கட்டாயப் பாடம்

விடுதி அறைச் சாவியோடு ஒரு குப்பைக் கையேடும் தருவார்கள். பாடப்புத்தகத்தை இரண்டாவதாகப் படித்தால் போதும்.

எரிகிற குப்பை, எரியாத குப்பை, பிளாஸ்டிக், பெட் பாட்டில், கண்ணாடி, டின், பழைய காகிதம் என்று பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கிழமை. முந்தின நாள் இரவே போடக்கூடாது. அன்று காலை, பெரும்பாலும் 8 மணிக்குள், காக்கைகள் கிளறாமல் இருக்கப் போட்டிருக்கும் வலைக்கு அடியில் வைக்க வேண்டும். ஊருக்கு ஊர் சட்டம் மாறும். கியோட்டோவில் எரிகிற குப்பையை மாநகராட்சி விற்கும் மஞ்சள் பையில்தான் போட வேண்டும். பக்கத்து ஊரில் கற்ற வித்தை இங்கே செல்லாது.

ஒரு டீ பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். குடித்து முடித்துத் தூக்கிப் போட்டால் அது ஒரு பொருள். ஜப்பானில் அது மூன்று பொருள். மூடி பிளாஸ்டிக், சுற்றியிருக்கும் லேபிள் பிளாஸ்டிக், உடம்பு மட்டும் பெட் பாட்டில். லேபிளை உரித்து, மூடியைக் கழற்றி, உள்ளே அலசி, வசதிப்பட்டால் நசுக்கி வைக்க வேண்டும். பால் அட்டைப்பெட்டியை அலசி, கத்தரியால் விரித்து வெட்டி, காயவைத்துக் கட்ட வேண்டும். குப்பையைக் குளிப்பாட்டி உலர்த்தும் தேசத்துக்கு வந்திருக்கிறோம் என்ற உணர்வு முதல் வாரத்தில் வந்துவிட வேண்டும். வராவிட்டால் வரவழைப்பார்கள். தப்பாகக் கட்டிய பையை லாரி எடுக்காது. அதன்மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போய்விடும். தெருவே பார்க்க உங்கள் பை மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கும். பை உள்ளே தெரிகிற ரகம் என்பதால் அது யாருடையது என்று துப்பறிய வேண்டியதில்லை. அந்தத் தெருவில் கடலைப்பருப்புக் கவர் வேறு யார் வீட்டிலிருந்து வரும்?

இந்த இடத்தில் எதிர்வீட்டுப் பாட்டி அறிமுகமாவார். எல்லாத் தெருவிலும் இப்படி ஒருவர் உண்டு. அவருக்கு உங்கள் பெயர் தெரியாது, உங்கள் பை தெரியும். திட்ட மாட்டார். புன்னகையோடு பையை அவிழ்த்து, ஒவ்வொன்றாக எடுத்து, எது எங்கே போக வேண்டும் என்று காட்டுவார். வெட்கப்படாமல் கூடவே உட்கார்ந்து பிரியுங்கள். மொழி வகுப்பில் இரண்டு மாதத்தில் வராத ஜப்பானியம் அங்கே அரைமணியில் வரும்; உருப்படியான வினைச்சொற்கள் எல்லாம் குப்பையில்தான் இருக்கின்றன. கழற்று, அலசு, மடி, கட்டு, நாளைக்குப் போடு.

ஷிகோகு தீவில் தொகுஷிமா மாகாணத்தில் கமிகாட்சு என்ற சின்ன ஊர் இருக்கிறது. 2003-இல் ‘குப்பையே இல்லாத ஊர்’ ஆவோம் என்று அறிவித்தார்கள், ஜப்பானிலேயே முதலாவதாக. அங்கே குப்பையை 40-க்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். லாரி வராது, மக்களே கொண்டுபோய்ப் பிரித்துப் போட வேண்டும். உங்கள் வார்டின் ஏழெட்டு வகைகளில் தலைசுற்றும் நாளில் கமிகாட்சுவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் பல்கலைக்கழகம் இல்லாதது பரிமாற்ற மாணவர்கள் செய்த புண்ணியம்.

தெருவில் குப்பைத்தொட்டி தேடாதீர்கள். 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் விஷவாயுத் தாக்குதல் நடந்த பிறகு பொது இடங்களில் தொட்டிகள் அருகிப்போயின. சாக்லேட் காகிதம் சட்டைப்பையிலேயே இருந்து, சட்டையோடு துவைக்கப்பட்டு, ஒருநாள் எரிகிற குப்பையில் மோட்சமடையும்.

தானம் வந்த ஃப்ரிட்ஜ்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது நம் ஊர்ப் பழமொழி. ஜப்பானில் பல்லை எண்ணிப் பாருங்கள். முடிந்தால் எக்ஸ்ரே எடுங்கள்.

செமஸ்டர் தொடக்கத்தில், ஊருக்குத் திரும்பவிருக்கும் ஒரு சீனியர் உங்களைத் தேடி வருவார். இத்தனை அன்பானவர் இந்த உலகில் உண்டா என்று தோன்றும். ‘என் ஃப்ரிட்ஜை எடுத்துக்கோ, காசு வேண்டாம்’ என்பார். கண்கலங்காதீர்கள். 2001 முதல் அமலில் இருக்கும் சட்டப்படி ஃப்ரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின், ஏசி நான்கையும் குப்பையில் போட முடியாது. மறுசுழற்சிக் கட்டணமும் ஏற்றிப்போகும் கூலியும் கொடுத்துத்தான் ஒழிக்க வேண்டும். அது சில ஆயிரம் யென். சீனியர் உங்களுக்கு ஃப்ரிட்ஜ் தரவில்லை, அந்தச் சில ஆயிரத்தைத் தருகிறார். அவருக்கும் இப்படித்தான் ஒருவர் தந்தார். விடுதிகளில் உலவும் சில ஃப்ரிட்ஜ்களின் முதல் உரிமையாளர் யாரென்று எவருக்கும் தெரியாது. வியட்நாம், பிரேசில், போலந்து என்று கைமாறி, ஒவ்வொரு நாட்டின் வாசனையிலும் கொஞ்சம் வைத்திருக்கும். மறுப்பதற்கில்லை, கோடையில் வேறு வழியும் இல்லை. வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் வாங்கிய அன்றே அடுத்த வாரிசைத் தேடத் தொடங்கிவிடுங்கள்.

மெத்தை, மேசை போன்றவை வேறு வகை. பெரிய குப்பை என்று அதற்குப் பெயர். போனில் நாள் குறித்து, கொன்பினி என்று அவர்கள் சொல்லும் மூலைக்கடையில் அதற்கான சீட்டு வாங்கி ஒட்டி, சொன்ன காலையில் வெளியே வைக்க வேண்டும்.

ஓசி சைக்கிளும் அப்படித்தான். ஒவ்வொரு சைக்கிளுக்கும் திருட்டுத் தடுப்புப் பதிவு எண் உண்டு. இரவில் போலீஸ்காரர் நிறுத்தி, மிகுந்த பணிவோடு எண்ணைச் சரிபார்ப்பார். சைக்கிள் போன வருடம் ஊருக்குப் போய்விட்ட யாரோ ஒருவர் பெயரில் இருந்தால், அந்தப் பணிவு மாறாமலே உரையாடல் நீளும். ஆகவே கொடுப்பவரிடம் ஒரு கைமாற்றுக் கடிதம் எழுதி வாங்கி, பதிவை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். குடை பிடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள், டபுள்ஸ் போகாதீர்கள். இரண்டும் அங்கே சட்டப்படி தப்பு.

வயிற்றுப்பாடு

அம்மா பெட்டியில் வைத்த அலுமினிய வாணலியை ஊரிலேயே விட்டுவிடுங்கள். பல விடுதிகளில் இருப்பது மின்காந்த அடுப்பு. சாதா அலுமினியத்தை அது ஒரு பாத்திரமாகவே மதிக்காது. குக்கரை எடுத்துப்போவது உங்கள் துணிச்சலைப் பொறுத்தது. பொட்டு சத்தமில்லாத விடுதியில் மூன்றாவது விசில் வரும்போது மாடியிலிருந்து யாராவது தலைக்கவசத்தோடு இறங்கி வந்தால் அவர்மேல் தப்பில்லை. தாளிப்பதற்கு முன் கூரையைப் பாருங்கள். வெள்ளையாக வட்டமாக ஒரு புகை உணர்கருவி இருக்கும். காய்ந்த மிளகாய் அதற்குப் பிடிக்காது. பச்சைக் கறிவேப்பிலையைத் துணிக்குள் சுருட்டி எடுத்துப்போக வேண்டாம். தாவர நோய்த்தடுப்புச் சான்றிதழ் இல்லாமல் எந்த இலையும் உள்ளே வராது. துவரம்பருப்புக்கு வழி இருக்கிறது. டோக்கியோவின் எதொகாவா வார்டில் நிஷி-கசாய் பகுதியில் இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன, கடைகளும் இருக்கின்றன.

சைவம் என்றால் பொறுமை கூடுதலாக வேண்டும். சூரைமீனைக் காயவைத்துச் சீவிய துருவலில் எடுத்த சாறுதான் அந்தச் சமையலின் ஆதாரம். காய்கறி வேகவைத்தாலும், சூப் வைத்தாலும் அது உள்ளே இருக்கும். ‘இது காய்தான்’ என்று கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. மீன் சாறு அவர் கணக்கில் மீன் இல்லை. நொதித்த சோயா விதையான நட்டோ சுத்த சைவம் என்று நம்பி வாங்கினால், கூடவே வரும் குட்டிச் சாறுப் பையில் பெரும்பாலும் சூரை இருக்கும். புளித்த, உப்பேறிய உமேபொஷி என்ற ஊறுகாய் வைத்த சோற்று உருண்டை உங்களைக் காப்பாற்றும். ஊறுகாயும் சோறும் மனிதனைக் கைவிட்டதாக எந்த நாட்டிலும் வரலாறில்லை.

சோறு என்றதும் விலையைச் சொல்ல வேண்டும். 2025-இல் 5 கிலோ அரிசி 4,000 யென்னைத் தாண்டியது. அரசு கிடங்கிலிருந்து எடுத்து விற்றது. அந்தச் சமயத்தில் வேளாண் அமைச்சர், தான் அரிசியே வாங்கியதில்லை, ஆதரவாளர்கள் கொண்டுவந்து தருவதே வீட்டில் நிறையக் கிடக்கிறது என்று சொல்லிவைத்தார். பதவி போயிற்று. உங்களிடம் ஊரிலிருந்து கொண்டுவந்த பொன்னி அரிசி இருந்தால் அதைப் பற்றி வாய் திறக்காதீர்கள்.

மலிவாகச் சாப்பிட ஒரு கலை உண்டு. சூப்பர் மார்க்கெட்டுகளில் மாலை மங்கியபின் ஒரு ஊழியர் கையில் ஸ்டிக்கரோடு வெளிப்படுவார். சமைத்த பண்டங்களின்மேல் முதலில் 20 சதவீதத் தள்ளுபடி, பிறகு 30, கடைசியில் பாதி விலை. அவரைப் பின்தொடரக் கூடாது, அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது, ஒட்டாத பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஒட்டித் தரும்படி நீட்டக் கூடாது. இரண்டு தட்டு தள்ளி நின்று தயிர் டப்பாவைப் படிப்பதுபோல் படித்துக்கொண்டிருக்க வேண்டும். நீங்கள் மட்டுமல்ல, அங்கே கோட்டும் டையுமாக நிற்கும் பெரிய மனிதரும் அந்தத் தயிரைத்தான் படிக்கிறார். ஸ்டிக்கர் விழுந்த கணத்தில் எல்லோரும் தற்செயலாக அந்தப் பக்கம் நடக்கத் தொடங்குவார்கள். ஓடக்கூடாது. ஒருவர் கை பட்ட பெட்டியை இன்னொருவர் தொடுவதில்லை. தேநீர்ச் சடங்கு வகுப்பில் நிதானம், பிறர்மேல் மரியாதை என்று சொல்லிக்கொடுப்பதைச் செயலில் பார்க்க வேண்டுமானால் இரவு 8 மணிக்கு இங்கே வாருங்கள். கட்டணமும் இல்லை.

கூட்டம் சேருதல்

ஏப்ரலில் போனால் வளாகம் முழுக்க மேசை போட்டு மாணவர் மன்றங்கள் ஆள் பிடிக்கும். ‘சர்வதேச நட்பு மன்றம்’ என்றால் ஆங்கிலம் பேசிப் பழக உங்களைத் தேடும் கூட்டம் என்று பொருள். நல்ல பிள்ளைகள்தான், ஆனால் உங்கள் ஜப்பானியம் போன இடத்திலேயே நிற்கும். ‘டென்னிஸ் மன்றம்’ என்றால் டென்னிஸ் உண்டா என்று ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள். கெந்தோ என்ற வாள்பயிற்சி போன்ற முறையான கழகத்தில் சேர்ந்தால் அதிகாலைப் பயிற்சி. செமஸ்டர் முடிவில் உங்களுக்குக் கெந்தோவும் தெரியும், ஜப்பானியமும் தெரியும், வேறெதுவும் தெரியாது.

சேர்ந்த எல்லா இடத்திலும் எழுந்து நின்று சுய அறிமுகம் செய்ய வேண்டும். பெயர் (அதாவது அப்பா பெயர்), நாடு, துறை, பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு கிரிக்கெட் என்றால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். சமையல் என்று சொல்லுங்கள். ஆனால் அடுத்த வாரமே கறி சமைக்கச் சொல்வார்கள் என்பதற்கும் தயாராக இருங்கள். இந்தியா என்றதும் இளையவர்கள் ‘ஆர்.ஆர்.ஆர்.’ படத்தின் ஆட்டத்தைக் கேட்பார்கள். அது தெலுங்குப் படம் என்று விளக்கிப் பயனில்லை, ஆடிவிடுங்கள். ஐம்பது தாண்டியவர்கள் இருந்தால் உங்கள் காட்டில் மழை. 1998-இல் ‘முத்து’ அங்கே வெளியாகி ஓடு ஓடென்று ஓடியது. ‘ஆடும் மகாராஜா’ என்ற துணைப்பெயரோடு. தமிழ்நாடு என்று சொல்லிப் புரியாத இடத்திலும் ரஜினி என்றால் முகம் மலரும். பேராசிரியர் யாராவது தமிழும் ஜப்பானியமும் உறவு என்ற சுசுமு ஓனோவின் கொள்கையைப் பேச்சில் இழுத்தால் புன்னகைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஏற்றவர்கள் நம் பக்கத்தில்தான் அதிகம்.

பிறகு விருந்து. 2 மணி நேரத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்ற ஏற்பாடு. 18 வயதில் சட்டப்படி பெரியவர் ஆகலாம், ஆனால் குடிக்க 20 ஆக வேண்டும். கணக்கு முடிவில் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பார்கள். குடிக்காத, மீன் தொடாத நீங்கள் ஒரு கிண்ணம் அவித்த சோயாப் பயறுக்கும் இரண்டு ஆரஞ்சு ஜூஸுக்கும் எட்டு கிளாஸ் பீர் குடித்தவரின் அதே தொகையைக் கொடுத்துவிட்டு எழுந்து வருவீர்கள். அந்தப் பயறு ருசியாகத்தான் இருக்கும். அந்த விலைக்கு இருந்தே ஆக வேண்டும்.

மற்றவை

வகுப்பு பொதுவாக 90 நிமிடம். முன்வரிசை காலியாக இருக்கும், உட்காராதீர்கள். கேள்வி கேட்டால் அறையே திரும்பிப் பார்க்கும். பேராசிரியர் மட்டும் மகிழ்வார். தூங்குபவரை யாரும் எழுப்ப மாட்டார்கள். பாடப் பதிவுக்கான கடைசி நாளை மட்டும் மறந்துவிடாதீர்கள், அந்த மன்னிப்பு எந்தக் கவுண்டரிலும் கிடையாது. ரயில் தாமதம் என்று காரணம் சொன்னால் ரயில் கம்பெனியின் தாமதச் சான்றிதழைக் காட்ட வேண்டும். 2017-இல் சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்று 20 விநாடி முன்னதாகப் புறப்பட்டுவிட்டதற்கு நிர்வாகம் அறிக்கை விட்டு மன்னிப்புக் கேட்ட நாடு அது. ‘டிராஃபிக் சார்’ அங்கே எடுபடாது.

நிலம் ஆடினால் பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள். அவர் போனை எடுத்து அதிர்வு எத்தனை என்று பார்த்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினால் நீங்களும் எழுதலாம். அவர் மேசைக்கடியில் போனால் அவரை முந்திக்கொண்டு போங்கள்.

கிளம்பும்போது எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்ய வேண்டும். வார்டு அலுவலகத்தில் வெளியேறும் அறிவிப்பு, வங்கிக் கணக்கு மூடல், ஃப்ரிட்ஜ் தானம். விமான நிலையத்தில் உங்கள் ஜைரியூ கார்டில் ஓட்டை போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

ஊரில் மிச்சமிருப்பது ஒரே வேலை. மதிப்பெண் பட்டியல் தாமதமாக வந்து சேரும். அதில் ‘ஜப்பானியத் தேநீர்ப் பண்பாடு, 2 கிரெடிட்’ என்று இருக்கும். துறைத்தலைவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, ‘இது நம்ம சிலபஸ்ல எந்தப் பேப்பருக்குச் சமம்?’ என்று கேட்பார். தேநீரின் தத்துவத்தை விளக்க ஆரம்பிக்காதீர்கள். சுற்றுச்சூழல் அறிவியல் என்று சொல்லுங்கள். எல்லாத் துறைக்கும் கட்டாயமான பேப்பர், யாரும் நுணுகிப் பார்ப்பதில்லை. ஆதாரம் கேட்டால் வார்டு அலுவலகம் கொடுத்த குப்பைக் கையேட்டை மூன்று நகல் எடுத்து இணைத்துவிடுங்கள். அதில் சான்றொப்பம் எங்கே என்பார். பையில் ஹான்கோ இருக்கிறதல்லவா, மூன்றிலும் சிவப்பாகக் குத்திக் கொடுங்கள்.